கோயிலும் கொற்றமும்: அல்சிடே டி காஸ்பரியின் வாழ்க்கை

சர்வாதிகாரம் சாய்ந்து மக்களாட்சி மலரும் நாடுகளில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. சமயத்தின் பெயரால் மக்களைத் திரட்டும் கட்சி அரசு கட்டிலில் அமரலாமா என்பதே அது. அமரலாம் என்போர், மக்கள் வாக்களித்த பின்பு தடுப்பதற்கு நாம் யார் எனக் கேட்கின்றனர். அமரக் கூடாது என்போர், ஏறிய ஏணியை அவர்கள் எட்டி உதைத்து விடுவார்களே என அஞ்சுகின்றனர். பட்டிமன்ற மேடையில் இரு சாராருக்கும் கைதட்டல் கிடைக்கும். ஆனால் இந்தக் கேள்வியைத் தம் வாழ்க்கையிலேயே சந்தித்து, பதவியிலிருந்தபடியே அதற்கு விடை கூற வேண்டிய நிலைக்கு ஆளான ஒருவரின் வரலாறு நமக்குக் கூடுதல் ஒளி தரும். அவர்தாம் இத்தாலியக் குடியரசின் முதல் தலைமையமைச்சர் அல்சிடே டி காஸ்பரி.

எல்லைப்புறத்துப் பிள்ளை

டி காஸ்பரி 1881ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் ஆல்ப்ஸ் மலைச் சாரலில் உள்ள பியேவே தெசினோ என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் அடங்கிய டிரெண்டினோ பகுதி அன்று ஆஸ்திரிய-அங்கேரியப் பேரரசின் ஆளுகையில் இருந்தது. அங்கு மக்கள் பேசியது இத்தாலிய மொழி. ஆண்டவர்கள் பேசியது ஜெர்மன் மொழி. தந்தையார் காவல் துறையில் பணியாற்றியவர். செல்வம் கொழித்த குடும்பம் அன்று.

1900இல் வியன்னா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து மொழியியலும் இலக்கியமும் பயின்றார். தம் தாய்மொழியில் உயர்கல்வி வேண்டும் என்று இத்தாலிய மாணவர்கள் எழுப்பிய குரலில் இவர் குரலும் கலந்திருந்தது. 1904இல் இன்ஸ்புருக் நகரில் நிகழ்ந்த கலவரத்தை அடுத்துச் சில வாரங்கள் சிறையிலும் இருந்தார். மாணவப் பருவத்திலேயே சிறை கண்டவர் என்பதை மாணவர்களாகிய நாம் மறக்க இயலாது.

பட்டம் பெற்று ஊர் திரும்பியவர் கத்தோலிக்கச் செய்தித்தாள் ஒன்றின் ஆசிரியரானார். 1911இல் டிரெண்டினோ மக்களின் பிரதிநிதியாக வியன்னா நாடாளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பல மொழிகளும் பல இனங்களும் முட்டி மோதிய மன்றம் அது. எண்ணிக்கையில் சிறுபான்மையாக இருப்பது எத்தகைய நிலை என்பதை அங்கு அவர் நேரில் கண்டார். பின்னாளில் பெரும்பான்மை தம் கையில் வந்தபோது அந்த நினைவு அவரை விட்டு அகலவில்லை.

திருச்சபையும் தேசமும்

முதல் உலகப் போரின் முடிவில் டிரெண்டினோ இத்தாலியுடன் இணைந்தது. அந்த இத்தாலியில் கோயிலுக்கும் கொற்றத்திற்கும் நெடுநாளாய்ப் பகை இருந்தது. 1870இல் இத்தாலியப் படை ரோம் நகருள் நுழைந்தபோது போப்பாண்டவரின் அரசு முடிந்தது. சினமுற்ற திருச்சபை, கத்தோலிக்கர் நாடாளுமன்றத் தேர்தலில் கலந்துகொள்ளலாகாது என்று பணித்தது. ஆழ்ந்த சமயப் பற்றுள்ள இலட்சக்கணக்கான மக்கள் புதிய நாட்டின் அரசியலில் ஒதுங்கியே நின்றனர். சமயப் பற்றுள்ளோரை அரசியலுக்கு வெளியே நிறுத்துவதால் ஒரு நாடு வலிமை பெறுவதில்லை. அடித்தளமே ஆட்டங்காணுகிறது என்பதற்கு அன்றைய இத்தாலி ஒரு சான்று.

அத்தடை 1919இல் முழுவதுமாக நீங்கியது. அதே ஆண்டு சிசிலித் தீவைச் சேர்ந்த லூயிஜி ஸ்டுர்சோ என்னும் பாதிரியார் இத்தாலிய மக்கள் கட்சியைத் தொடங்கினார். தாம் பாதிரியாராயினும் கட்சியின் பெயரில் கிறித்தவம் என்ற சொல்லை அவர் சேர்க்கவில்லை. திருச்சபையின் கட்டளைக்குக் கட்டுப்பட்ட கட்சியாக அது இருத்தலாகாது என்பது அவர் கொள்கை. டி காஸ்பரி அக்கட்சியை நிறுவியோருள் ஒருவரானார். முதல் தேர்தலிலேயே கட்சி 508 இடங்களில் 100 இடங்களை வென்றது. 1921இல் டி காஸ்பரியும் ரோம் நாடாளுமன்றத்தில் அடியெடுத்து வைத்தார்.

கைவிடப்பட்ட கட்சி

1922இல் முசோலினி ஆட்சியைப் பிடித்தார். அவருடைய முதல் அமைச்சரவையில் மக்கள் கட்சியினரும் இடம் பெற்றனர். கொடிய விலங்கைக் கூண்டுக்குள் கொண்டுவந்தால் அது பழகிவிடும் என அந்நாளில் பலர் நம்பினர். அந்த முடிவுக்கு டி காஸ்பரியும் உடன்பட்டார். அவர் வாழ்வில் நேர்ந்த பெரும் பிழை இது எனலாம். ஓராண்டுக்குள்ளாகவே உறவு முறிந்தது.

அதன் பின் நடந்தது நம் சிந்தனைக்குரியது. வாடிகன், முசோலினியோடு உடன்பாடு காண விழைந்தது. ஸ்டுர்சோ 1923இல் கட்சிப் பொறுப்பைத் துறந்தார். 1924இல் நாட்டையும் துறந்து இலண்டன் சென்றார். தலைமைப் பொறுப்பு டி காஸ்பரியின் தோளில் விழுந்தது. அதே ஆண்டு ஜூன் திங்களில் சோசலிஸ்டு உறுப்பினர் மத்தியோத்தி பாசிஸ்டுகளால் கொலையுண்டார். நாடு கொதித்தது. மக்கள் கட்சியும் சோசலிஸ்டுகளும் கைகோத்தால் முசோலினியை வீழ்த்த வழியுண்டு என்ற நிலை தோன்றியது. ஆனால் சோசலிஸ்டுகளோடு கத்தோலிக்கர் கூட்டுச் சேர்வதைப் போப்பாண்டவர் 11ஆம் பயஸ் ஏற்கவில்லை. 1926இல் எதிர்க்கட்சிகள் அனைத்தும் கலைக்கப்பட்டன; மக்கள் கட்சியும் மடிந்தது. 1929இல் வாடிகனும் முசோலினியும் லாத்தரன் உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர்.

இதில் ஒரு பாடம் உண்டு. சமய நிறுவனத்தின் நலன் வேறு. சமயப் பற்றுள்ள குடிமக்களின் உரிமை வேறு. நிறுவனத்துக்கு வேண்டியதைச் சர்வாதிகாரி கொடுக்க முன்வந்தால், குடிமக்களின் கட்சியை அந்நிறுவனம் கைவிட்டு விடவும் கூடும். இந்த உண்மையை டி காஸ்பரி நூலில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டார்.

சிறையும் நூலகமும்

1927 மார்ச்சுத் திங்களில், மனைவி பிரான்செஸ்காவுடன் இரயிலில் சென்றுகொண்டிருந்த டி காஸ்பரி கைது செய்யப்பட்டார். நான்காண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அது குறைக்கப்பட்டு, 1928இல் விடுதலையானார். வெளியே வந்தவருக்கு வேலை தர எவரும் துணியவில்லை. காவலர் எந்நேரமும் கண்காணித்தனர். ஜெர்மன் நூல்களை மொழிபெயர்த்துக் கிடைத்த சிறு வருவாயில் குடும்பம் நடந்தது.

1929இல் வாடிகன் நூலகத்தில் நூற்பட்டியல் எழுதும் பணி கிடைத்தது. ஊதியம் சொற்பம். நாடாளுமன்றத்தில் முழங்கிய நா, நூலட்டைகளுக்கு நடுவே அடங்கிக் கிடந்தது. அவர் கட்சியைக் கைவிட்ட அதே வாடிகன்தான் அவருக்குப் புகலிடமும் தந்தது. வரலாறு இப்படித்தான் சில நேரங்களில் நகைக்கிறது. ஏறத்தாழ பதினான்கு ஆண்டுகள் அங்கே கழிந்தன. நான்கு பெண் மக்களை வளர்த்தார், படித்தார், சிந்தித்தார், காத்திருந்தார்.

குடியரசின் பிறப்பு

1943இல் முசோலினி வீழ்ந்தார். அதற்குச் சற்று முன்பே, பழைய மக்கள் கட்சித் தோழர்களையும் இளைஞர்களையும் இணைத்துக் கிறித்தவ ஜனநாயகக் கட்சியை டி காஸ்பரி உருவாக்கியிருந்தார். 1944இல் அயலுறவு அமைச்சரானார். 1945 டிசம்பர் 10ஆம் நாள் தலைமையமைச்சரானார். அவரது அமைச்சரவையில் பொதுவுடைமையரும் சோசலிஸ்டுகளும் இருந்தனர். நீதியமைச்சராக இருந்தவர் பொதுவுடைமைக் கட்சித் தலைவர் தொலியாத்தி.

1946 ஜூன் 2ஆம் நாள் மன்னராட்சியா, குடியரசா என்று மக்களிடம் கேட்கப்பட்டது. நாடு தழுவிய வாக்கெடுப்பில் பெண்கள் முதன்முறையாகக் கலந்துகொண்டனர். குடியரசுக்கு 1 கோடியே 27 இலட்சம் வாக்குகளும், மன்னராட்சிக்கு 1 கோடியே 7 இலட்சம் வாக்குகளும் கிடைத்தன. டி காஸ்பரியின் கட்சியினருள் பெரும்பாலோர் குடியரசையே விரும்பினர். எனினும் அவரவர் மனச்சான்றுப்படி வாக்களிக்கட்டும் என்று விட்டுவிட்டார். முடிவை ஏற்க மன்னர் உம்பெர்த்தோ தயங்கியபோது அரசுத் தலைவரின் பொறுப்பை அமைச்சரவை டி காஸ்பரியிடம் ஒப்படைத்தது. ஜூன் 13இல் மன்னர் நாட்டை விட்டு வெளியேறினார்.

அன்றைய இத்தாலி தோற்ற நாடு. 1946 ஆகஸ்டு 10ஆம் நாள் பாரிஸ் மாநாட்டில், வென்ற நாடுகளின் முன் குற்றவாளியைப் போல் அவர் நிற்க வேண்டியிருந்தது. பேசி முடித்து இறங்கி வந்தவரின் கையைப் பற்றிக் குலுக்கியவர் அமெரிக்க அயலுறவு அமைச்சர் பர்ன்ஸ் ஒருவரே. அடுத்த ஆண்டு அமெரிக்கா செல்லும்போது நல்ல குளிர்க்கோட்டு இல்லாததால் நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கி அணிந்து சென்றார் என்றும் சொல்வார்கள்.

அதே 1946 செப்டம்பரில் ஆஸ்திரிய அமைச்சர் குரூபருடன் ஓர் உடன்பாடு செய்தார். இத்தாலியின் வட எல்லையில் ஜெர்மன் மொழி பேசும் சிறுபான்மையினர்க்குத் தாய்மொழிக் கல்வியும் தன்னாட்சியும் தருவது அதன் நோக்கம். நடைமுறையில் அம்மக்களுக்குக் குறைகள் நேர்ந்தன என்பது உண்மை. ஆயினும் ஒரு காலத்தில் ஜெர்மன் மொழியாளரின் ஆட்சியில் சிறுபான்மையாக வாழ்ந்தவர், அவர்களே சிறுபான்மையானபோது பழி தீர்க்க எண்ணவில்லை.

புதிய அரசியலமைப்புச் சட்டம் 1948 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அரசும் கத்தோலிக்கத் திருச்சபையும் தத்தம் எல்லைக்குள் தனியுரிமை உடையன என்றும், இரண்டின் உறவை லாத்தரன் உடன்படிக்கை நெறிப்படுத்தும் என்றும் 7ஆம் பிரிவு கூறிற்று. சமயங்கள் யாவும் சட்டத்தின் முன் ஒப்பான உரிமை உடையன என்று 8ஆம் பிரிவு கூறிற்று. 7ஆம் பிரிவு வாக்கெடுப்பில் 350க்கு 149 என்ற கணக்கில் நிறைவேறியது. சமயத்தை மறுக்கும் பொதுவுடைமைக் கட்சியும் ஆதரித்தே வாக்களித்தது! சமயப் போர் ஒன்று மூண்டு குடியரசு பிளவுபடலாகாது என்ற எண்ணமே அதற்குக் காரணம்.

தனியே ஆளாத பெரும்பான்மை

1947 மே திங்களில் பொதுவுடைமையரையும் சோசலிஸ்டுகளையும் விலக்கி டி காஸ்பரி புதிய அமைச்சரவை அமைத்தார். உலகம் இரு முகாம்களாகப் பிரிந்துகொண்டிருந்த காலம் அது. 1948 ஏப்ரல் 18ஆம் நாள் தேர்தல் வந்தது. பங்குக் கோயில்தோறும் கத்தோலிக்கக் குழுக்கள் கட்சிக்காக உழைத்தன. அமெரிக்க உதவியும் துணை நின்றது. இவற்றை மறைத்து அந்த வெற்றியைப் பேசுவது நேர்மையாகாது. கிறித்தவ ஜனநாயகக் கட்சி 48.5 விழுக்காடு வாக்குகளுடன் கீழவையின் 574 இடங்களில் 305ஐ வென்றது.

இங்கேதான் நாம் எடுத்துக்கொண்ட கேள்வி கூர்மை பெறுகிறது. சமயக் கட்சியொன்று கீழவையில் தனிப் பெரும்பான்மை பெற்றுவிட்டது. இனி யாரைக் கேட்க வேண்டும்? கட்சிக்குள்ளும் வெளியிலும் பலர் தனி ஆட்சியையே எதிர்பார்த்தனர். டி காஸ்பரியோ தாராளவாதிகள், குடியரசுக் கட்சியினர், சமூக ஜனநாயகக் கட்சியினர் ஆகிய சிறிய கட்சிகளை அழைத்து அமைச்சரவையில் அமர்த்தினார். அவர்களுள் பலர் திருச்சபையின் அரசியல் தலையீட்டைக் காலமெல்லாம் எதிர்த்தவர்கள். அவர்களை உடன் வைத்துக்கொண்டால் சமய ஆட்சி என்ற பேச்சுக்கே இடமிராது என்பது அவர் கணக்கு. தம் கட்சிக்குத் தாமே போட்ட கடிவாளம் அது.

பொதுவுடைமைக் கொள்கையை ஏற்போர் திருச்சபைக்குப் புறம்பானவர் என்று 1949 ஜூலையில் வாடிகன் அறிவித்தது. ஆயினும் அக்கட்சியை அரசு தடை செய்யவில்லை. அதன் ஏடுகள் வெளிவந்தன; அதன் உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் அரசைச் சாடினர். திருச்சபையின் தண்டனை வேறு, அரசின் சட்டம் வேறு என்ற எல்லை காக்கப்பட்டது.

ரோம் நகரத் தேர்தல்

1952ஆம் ஆண்டு மே திங்களில் ரோம் மாநகராட்சித் தேர்தல் நடைபெற இருந்தது. போப்பாண்டவர் வாழும் திருநகரம் பொதுவுடைமையர் கைக்குப் போய்விடுமோ என்று வாடிகன் அஞ்சியது. அதைத் தடுக்கக் கிறித்தவ ஜனநாயகக் கட்சியும், மன்னராட்சிக் கட்சியும், பழைய பாசிஸ்டுகளின் வாரிசான கட்சியும் ஒரே பட்டியலில் நிற்க வேண்டும் என்று திட்டமிடப்பட்டது. அப்பட்டியலுக்குத் தலைமை தாங்க, நாடு திரும்பியிருந்த முதியவர் ஸ்டுர்சோவையே அணுகினர். லொம்பார்டி என்னும் ஏசு சபைக் குரு டி காஸ்பரியின் மனைவியைச் சந்தித்து வற்புறுத்தும் அளவுக்கு நெருக்கடி முற்றியது.

டி காஸ்பரியின் நிலையை எண்ணிப் பாருங்கள். நாள்தோறும் வழிபாடு செய்யும் கத்தோலிக்கர் அவர். தம் மகள்களுள் ஒருத்தியைத் துறவு மடத்திற்கு அளித்தவர். கேட்பவரோ அவர் சமயத்தின் தலைவர். ஆனால் கேட்கப்படுவது, தம்மைச் சிறையில் தள்ளிய பாசிசத்தின் வழித்தோன்றல்களோடு கைகோக்க வேண்டும் என்பது. குடியரசை உடன் நின்று காத்த சிறு கட்சிகளைக் கைவிட வேண்டும் என்பது. அவர் இணங்கவில்லை. ஸ்டுர்சோவும் முடிவில் விலகிக்கொண்டார். டி காஸ்பரி தம் பழைய கூட்டணியோடே தேர்தலைச் சந்தித்தார். ரோம் நகரை வென்றார். வாடிகன் அஞ்சியது நடக்கவில்லை.

வென்ற பின்பும் தண்டனை காத்திருந்தது. அதே ஆண்டு ஜூனில் தம் திருமணத்தின் 30ஆம் ஆண்டு நிறைவையும், துறவியான மகள் லூசியாவின் இறுதி வாக்குறுதியையும் முன்னிட்டுக் குடும்பத்தோடு போப்பாண்டவர் 12ஆம் பயசிடம் வாழ்த்துப் பெற விரும்பினார். அனுமதி மறுக்கப்பட்டது. ஒரு கிறித்தவனாக இந்த அவமதிப்பைத் தாம் ஏற்றுக்கொள்வதாகவும், ஆனால் இத்தாலியின் தலைமையமைச்சர் என்ற முறையில் இதற்கு விளக்கம் கேட்கக் கடமைப்பட்டிருப்பதாகவும் தூதர் வழியே அவர் தெரிவித்தார். அடியவனின் பணிவும் ஆட்சியாளனின் கடமையும் ஒரே நெஞ்சில் ஒன்றையொன்று விழுங்காமல் வாழ்ந்தன. இந்த ஒரு செயலுக்காகவே அவர் வாழ்க்கையைப் படிக்கலாம்.

நிறையும் குறையும்

தென்னாட்டு ஏழை உழவர்க்கு நிலம் வழங்கும் நிலச்சீர்திருத்தச் சட்டங்களும், பின்தங்கிய தென்பகுதியின் வளர்ச்சிக்கான தனி நிதியமும் 1950இல் அவர் ஆட்சியில் பிறந்தன. பிரான்சின் ஷூமன், ஜெர்மனியின் அடினார் ஆகியோருடன் சேர்ந்து ஐரோப்பிய ஒற்றுமைக்கு அடிக்கல் நாட்டினார். இம்மூவரும் ஜெர்மன் மொழியில் உரையாடக் கூடியவர்கள்.

குறைகளும் உண்டு. 1949இல் மெலிசாவில் நிலம் கேட்ட உழவர்களும், 1950 ஜனவரியில் மொதேனாவில் தொழிலாளர்களும் காவலரின் துப்பாக்கிக்கு இரையாயினர். பெந்தெகொஸ்தே சபையாரின் வழிபாட்டைத் தடுத்து 1935இல் பாசிச அரசு விடுத்த சுற்றறிக்கை, குடியரசு பிறந்த பின்பும் நீடித்து 1955இல்தான் நீங்கியது. சமயங்கள் யாவும் ஒப்பென அரசியலமைப்பில் எழுதியிருந்தும், பெரும்பான்மைச் சமயத்தாரின் ஆட்சியில் சிறு சபையார் அல்லலுற்றனர். சமயக் கட்சியின் ஆட்சியை அஞ்சுவோர் வெறும் கற்பனையால் அஞ்சவில்லை என்பதற்கு இது சான்று.

1953 தேர்தலுக்கு முன் அவர் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. பாதிக்கு மேல் வாக்குப் பெறும் கூட்டணிக்குக் கீழவையில் 65 விழுக்காடு இடங்கள் என்றது அச்சட்டம். எதிர்க்கட்சியினர் அதை மோசடிச் சட்டம் என்றனர். முசோலினியின் 1923ஆம் ஆண்டுச் சட்டத்தை நினைவூட்டினர். தேர்தலில் கூட்டணிக்கு 49.8 விழுக்காடே கிடைத்தது. இன்னும் ஐம்பதாயிரத்துச் சொச்சம் வாக்குகள் வந்திருந்தால் எண்ணியது கைகூடியிருக்கும். டி காஸ்பரி என்ன செய்தார்? மறு எண்ணிக்கை என்று காலம் கடத்தவில்லை, தோல்வியை ஏற்றார். ஜூலையில் நாடாளுமன்றம் அவருடைய எட்டாம் அமைச்சரவைக்கு நம்பிக்கை தர மறுத்தது. எட்டாண்டுக் காலம் ஆண்டவர் அமைதியாக இறங்கினார். அச்சட்டமும் மறு ஆண்டே நீக்கப்பட்டது.

1954 ஆகஸ்டு 19ஆம் நாள் பிறந்த மண்ணுக்கு அருகே வால்சுகானா மலைப்பகுதியில் மறைந்தார். தம் இறுதிக் கனவாகிய ஐரோப்பியப் பாதுகாப்புச் சமூகத் திட்டத்தைப் பிரெஞ்சு நாடாளுமன்றம் பதினொரு நாள் கழித்துப் புறந்தள்ளியதை அவர் காணவில்லை.

வாழ்க்கை தரும் விடை

அவருக்குப் பின்னும் கட்சி நாற்பதாண்டுக் காலம் ஆட்சியில் நீடித்தது. மணமுறிவுச் சட்டத்தை நீக்கக் கோரிய 1974 வாக்கெடுப்பில் கட்சியும் திருச்சபையும் ஓரணியில் நின்றும் 59 விழுக்காட்டினர் சட்டம் நிலைக்கட்டும் என்றனர். அத்தீர்ப்பைக் கட்சி ஏற்றது. 1984இல் கத்தோலிக்கமே அரசின் ஒரே சமயம் என்ற நிலையும் நீங்கியது. ஆனால் மாறாத பதவி மாசு சேர்த்தது. 1992இல் வெடித்த இலஞ்ச ஊழல் வழக்குகளில் சிக்கி, 1994இல் கட்சி கலைந்தது. சமயத்தின் பெயர் ஒரு கட்சியைத் தூய்மையாக வைத்திருக்கும் என்ற நம்பிக்கையும் அத்துடன் கலைந்தது.

எனவே சமயக் கட்சி ஆளலாமா என்ற கேள்விக்கு, ஆம் என்றோ இல்லை என்றோ ஒற்றைச் சொல்லில் விடை கூற இயலாது. அக்கட்சியிடம் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். தனியே ஆளும் வலிமை கிடைத்தபோதும் மாற்றுக் கருத்தினருக்கு இடம் தருமா? தன் சமயத் தலைமை தவறாக வழிகாட்டும்போது மாட்டேன் என்று சொல்லுமா? வாக்குப் பெட்டி போ என்றால் போகுமா? 1948, 1952, 1953 ஆகிய மூன்று ஆண்டுகளில் டி காஸ்பரி இம்மூன்றுக்கும் விடையளித்தார்.

ஆனால் இன்னொன்றையும் நாம் மறக்கலாகாது. ஒரு தலைவரின் நற்குணத்தை மட்டும் நம்பி ஒரு நாடு வாழ இயலாது. வலிமையான எதிர்க்கட்சியும், கூட்டாக எழுதிய அரசியலமைப்பும், அஞ்சாது எழுதும் ஏடுகளும் இருந்தமையால்தான் அவருடைய நற்குணம் நாட்டின் வழக்கமாயிற்று. பெந்தெகொஸ்தே சபையாருக்கு அத்தலைவரின் நற்குணம் கைகொடுக்கவில்லை. அரசியலமைப்பில் எழுதியிருந்த உரிமைதான், காலம் கடந்தேனும், கைகொடுத்தது.

புதிதாக மக்களாட்சி கண்ட நாட்டில் கோயில் வாயிலை அடைக்கவும் வேண்டா. கோட்டை வாயிலின் சாவியைக் கோயிலிடம் கொடுக்கவும் வேண்டா. இரண்டு வாயில்களுக்கும் இடையே நேராக நடக்கத் தெரிந்தவர்களை மக்கள் தேர்ந்தெடுக்கட்டும். அப்படி நடந்த ஒருவரின் அடிச்சுவடு டிரெண்டினோ மலைச் சாரலில் தொடங்கி ரோம் நகரில் முடிகிறது.